அப்பா புல்லட்டோட மீட்டரை மாத்தாம சரி பண்ண கதை

அப்பாவோட புல்லட் 350, 1994 மாடல். ரொம்ப நாளா ஸ்பீடோமீட்டர் முள்ளு ஒரு எடத்துல நிக்காம ஆடிட்டே இருந்துச்சு, போன மழைக்கு அப்புறம் 40ல போனாலே 100 வரைக்கும் தாவ ஆரம்பிச்சுடுச்சு. மெக்கானிக் அண்ணன் பாத்துட்டு "இத கழட்டிட்டு டிஜிட்டல் மாட்டிடு தம்பி"ன்னாரு. எனக்கு மனசே வரல. அதுல இருக்குற 61,384 கிலோமீட்டரும் அப்பா ஓட்டுனது, மீட்டரை மாத்துனா அந்த நம்பரும் சேந்து போயிடும்ல.

சரின்னு ஞாயித்துக்கிழமை நானே உக்காந்துட்டேன். இந்த மீட்டர் முள்ளு நகர கரண்டே தேவையில்ல. முன்வீல்ல இருந்து வர்ற கேபிள் உள்ள ஒரு காந்தத்த சுத்தும், அதுக்குப் பக்கத்துலயே ஒரு அலுமினிய கிண்ணம், காந்தம் அத தொடவே தொடாது ஆனா சுத்துற வேகத்துக்கு ஏத்த மாதிரி கிண்ணத்த தன்கூட இழுக்கும், முடி மாதிரி மெல்லிசான ஒரு ஸ்பிரிங் அத பின்னாடி இழுக்கும், இந்த ரெண்டு இழுப்பும் சமமாகுற எடத்துல முள்ளு நிக்கும். அவ்ளோதான்.

ஓரத்துல மடிச்சிருக்குற வளையத்த சின்ன ஸ்க்ரூ டிரைவரால கொஞ்சம் கொஞ்சமா, சுத்திச் சுத்தி நிமித்தி எடுக்கவே முக்கா மணி நேரம் ஆச்சு. தொறந்து பாத்தா காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவுல கருப்பா பிசின் மாதிரி கிரீஸ். எப்பவோ யாரோ கேபிள் முழுக்க கிரீஸ தடவி விட்டிருக்காங்க, அது சுத்திச் சுத்தி மேல ஏறி மீட்டருக்குள்ள போயிருக்கு, ஒட்டிக்கிட்டதால காந்தம் கிண்ணத்தையும் சேத்து இழுத்துட்டுப் போயிருக்கு. காது குடையுற பட்ஸ ஸ்பிரிட்ல நனைச்சு அந்த ஸ்பிரிங்குல படாம தொடச்சு எடுத்தேன். டயல் மேல மட்டும் ஸ்பிரிட் பட்டுடக் கூடாது, எழுத்து அழிஞ்சுடும். உள்கேபிள உருவி மண்ணெண்ணெயில கழுவி, கீழ்ப்பக்கம் மட்டும் லேசா கிரீஸ், மேல கடைசி ஒரு சாண் காய்ஞ்சே இருக்கட்டும்னு விட்டுட்டேன். வளையத்துக்கு ரப்பர் புதுப்பேட்டைல கெடச்சுது.

அடுத்து அம்மீட்டர், அதாவது பேட்டரிக்கு கரண்ட் ஏறுதா இறங்குதான்னு காட்டுற குட்டி மீட்டர். வண்டி கரண்டெல்லாம் அது வழியாத்தான் போகுது, பின்னாடி நட்டு லூசானா ஓடிட்டிருக்குற வண்டியே நின்னுடும். எனக்கு ஒரு ராத்திரி அப்டி நின்னிருக்கு. அதுல கை வைக்கறதுக்கு முன்னாடி பேட்டரி வயர கழட்டிடுங்க, சாவி ஆஃப்ல இருந்தாலும் அங்க கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பாடியில பட்டா தீப்பொறிதான். டெர்மினல உப்புத்தாள் போட்டு தேச்சு இறுக்குனேன். கூடவே ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு குட்டி வோல்ட்மீட்டர் வாங்கி சாவிக்கு அப்புறம் வர்ற லைன்ல குடுத்தேன், இப்ப ஓடும்போது 14 காட்டுது, சார்ஜிங் நல்லாருக்குன்னு நிம்மதி. மீட்டர் பல்ப வார்ம் கலர் எல்இடியா மாத்திட்டேன், வெள்ளை எல்இடி அந்த டயலுக்கு சுத்தமா ஒத்து வரல.

சாயங்காலம் போன்ல ஜிபிஎஸ் போட்டு ஓட்டிப் பாத்தேன். ஜிபிஎஸ் 48, முள்ளு 50, ஆட்டமே இல்ல. வீட்டுக்கு வந்ததும் அப்பா கண்ணாடிய மாட்டிக்கிட்டு குனிஞ்சு பாத்தாரு, முள்ள பத்தி ஒண்ணும் கேக்கல, "61,392"ன்னு சத்தமா படிச்சாரு.