தம்பியை வெளியே கூட்டி வந்த கதை

நானும் அவனும் ஒரே குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர்கள். பதினெட்டு முடிந்து நான் வெளியே வந்தபோது கையில் இருந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் டி.சி.யும்தான். போன வருஷம் அவன் முறை. இவனுக்காவது ஒழுங்காகச் செய்வோம் என்று ஆறு மாதம் முன்பே அலைய ஆரம்பித்தேன்.

பிற்காப்பு உதவி என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு அது. இல்லத்தைவிட்டு வருகிறவர்களுக்கு 21 வயது வரை, சிலருக்கு 23 வரைகூடக் கிடைக்கும். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுத்தோம். பணம் அவன் கணக்கில்தான் விழும் என்றார்கள். அங்கேதான் சிக்கல்.

அவனுடையது மைனர் அக்கவுண்ட். பதினெட்டு முடிந்ததும் புதிதாகக் கையெழுத்து, போட்டோ, ஆதார் எல்லாம் கொடுத்து மாற்ற வேண்டும். ஆதாரில் இருந்ததோ இல்லத்து ஆபீஸ் செல் நம்பர். ஓடிபி வரும்போதெல்லாம் கண்காணிப்பாளருக்குப் போன் அடித்து, "சார், இப்ப ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்று கெஞ்ச வேண்டும். ஒருநாள் அவர் மீட்டிங்கில் இருந்தார். பேங்கில் மதியம் வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம். ஆதார் மையத்தில் கைரேகை வைத்தால் போதும், நம்பரை மாற்றிவிடலாம், ஆவணம் எதுவும் கேட்க மாட்டார்கள். இது தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. இல்லத்தில் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.

ஐ.டி.ஐ.க்குச் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். பத்து வயதுக்குள் அப்பா அம்மாவை இழந்து, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த இல்லத்தில் சேர்ந்த பிள்ளைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே இருக்கிறார்கள். அந்தப் பட்டியலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் தாலுகா ஆபீஸ் போனேன். நான் படித்த காலத்தில் இதை யாரும் சொல்லவில்லை. ஓ.சி. என்றே எழுதிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

முதல் பணம் வர நான்கு மாதம் ஆனது. அதுவரை திருப்பூரில் என் லைன் வீட்டில்தான் இருந்தான். ஹவுஸ் ஓனர் அம்மா, "யாருப்பா இது, கூடப் பொறந்தவனா?" என்றார். ஆமாம் என்றேன்.

முதல் வாரம் ராத்திரி எட்டரைக்கே கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிடுவான். "இங்க கேட் எத்தனை மணிக்குண்ணா பூட்டுவாங்க?" என்று வேறு கேட்டான். சாவியைக் கையில் கொடுத்தேன். அதை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டு ஊக்கு குத்திக்கொண்டான்.

அப்புறம் ஒருநாள் மளிகைக் கடைக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் போன்.

"அண்ணா, புளி எவ்வளவுன்னு கடைக்காரர் கேக்குறார். எவ்வளவு வாங்கணும்?"

வெளியே வந்த புதிதில் நான் அரைக் கிலோ வாங்கி, அது ஒரு வருஷம் கிடந்தது.

"நூறு கிராம் போதும்டா" என்றேன்.