அப்பாவும் ஸ்கைட்ரீயும்

ஜனவரி 18, சனி

அப்பா டோக்கியோ வந்து பத்து நாள் ஆகிறது. நிஷி-கசாயில் எங்கள் பால்கனியில் நின்றால், டிவி ஒளிபரப்புக் கோபுரமான ஸ்கைட்ரீயின் மேல்பாதி தெரியும். இரவில் ஒருநாள் இளநீலமாக எரியும், ஒருநாள் ஊதாவாக. ஊரிலிருந்து வருகிற எல்லாரும் உயரத்தைத்தான் கேட்பார்கள். அப்பா, "எத்தனை சேனல் போகுது?" என்று கேட்டார்.

முப்பது வருஷம் தூத்துக்குடியில் டிவி மெக்கானிக்காக இருந்தவர். எண்பதுகளில் மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி, ஜிஐ பைப் நட்டு, ஸ்டே கம்பி இழுத்துக் கட்டி, ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி இலங்கை டிவியான ரூபவாஹினி எடுத்துக் கொடுத்தவர். நாளைக்குக் கூட்டிப் போகிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

ஓஷியாகே ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து நிமிர்ந்தால் கோபுரத்தின் பாதிக்கு மேல் மேகம். மேலே போனாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். சரி, டிக்கெட் வேண்டாம் என்று கீழேயே சுற்றினோம்.

அதுவும் நல்லதாகப் போயிற்று. அப்பா அடித்தூண் பக்கம் போய் நின்றவர் அரைமணி நேரம் நகரவில்லை. குழாய் ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல் அகலம்: விட்டம் 2.3 மீட்டர் வரை, இரும்பின் தடிமன் 10 சென்டிமீட்டர். "போல்ட்டே காணோம் பாரு, பூரா வெல்டிங்" என்று இணைப்புகளைக் காட்டினார். நான் எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. தரையில் முக்கோணமாகத் தொடங்கும் கோபுரம் 300 மீட்டர் உயரத்தில் வட்டமாகிவிடுகிறது என்றேன். "ரெண்டு காலைவிட மூணு கால்ல நிக்கிறது உறுதி. மேல காத்துக்கு உருண்டைதான் தோது" என்றார்.

அப்புறம் ஜுக்கென் பாலத்துக்கு நடந்தோம். கால்வாய்த் தண்ணீரில் கோபுரம் தலைகீழாகக் கிடந்தது, அதே மேகத்தோடு.

ஜனவரி 25, சனி

இன்றைக்குத் துடைத்துவிட்ட மாதிரி வானம். லிஃப்ட் 50 விநாடியில் 350 மீட்டரில் கொண்டுபோய் விட்டது. காது அடைத்துக்கொண்டது. மேற்கே ஃபூஜி மலை வெள்ளைத் தொப்பியோடு தெரிந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, உடனே தென்மேற்கே கட்டடங்களுக்கு நடுவில் எதையோ தேட ஆரம்பித்தார். பழைய டோக்கியோ டவர்.

அதன் கதையைக் காலையில்தான் சொல்லியிருந்தேன். 1958இல் திறந்தது, 333 மீட்டர். அன்றைக்கு நகரத்தில் அதுதான் ராஜா. பிறகு சுற்றிலும் இருநூறு மீட்டருக்கு மேல் கட்டடங்கள் எழும்பி அலையை மறைக்கத் தொடங்கின. 2003இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயும் ஐந்து தனியார் டிவி நிறுவனங்களும் சேர்ந்து அறுநூறு மீட்டர் அளவில் ஒன்று வேண்டுமென்று கேட்டார்கள். 2012 மே 22இல் ஸ்கைட்ரீ திறந்தது. அடுத்த வருஷம் மே மாதம் டிவி ஒளிபரப்பு இங்கே மாறியது. அதன் உயரம் 634 மீட்டர். 634 என்பதை ஜப்பானிய மொழியில் மு-சா-ஷி என்று படிக்கலாம். முசாஷி இந்தப் பகுதியின் பழைய பெயர்.

சிவப்பும் வெள்ளையுமாக, கையால் மறைத்துவிடலாம் போலப் பழைய டவர் தெரிந்தது. "பாவம், சுத்திக் கட்டிப்புட்டாங்க" என்றார் அப்பா. குரல் கம்மியிருந்தது. எதிர்வீட்டில் மாடி எழும்பினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும், மறுபடி போய் ஒரு பைப் கூட்டிக் கட்டவேண்டும். அவர் பிழைப்பே அதுதானே.

ஸ்கைட்ரீயின் 350 மீட்டர் தளத்தில் ஒரு திரை ஓவியத்தின் நகல் இருக்கிறது. 1809இல் குவகாதா கெய்சாய் வரைந்தது. பறவை மேலிருந்து பார்த்ததுபோல ஆறு, பாலங்கள், தொலைவில் ஃபூஜி. கண்ணாடிக்கு வெளியே உள்ள காட்சியும் அதுவும் அப்படியே பொருந்துகின்றன. இந்த உயரத்தில் நிற்க வழியே இல்லாத காலத்தில் எப்படிக் கண்டாரோ! எனக்கு இங்கே மிகவும் பிடித்தது இதுதான்.

அப்பாவுக்குப் பிடித்தது நடுத்தூண். கோபுரத்துக்குள் 375 மீட்டர் உயரக் கான்கிரீட் உருளை ஒன்று நிற்கிறது. 125 மீட்டர் வரை சட்டத்தோடு பிணைப்பு. அதற்கு மேல் இடையில் ஆட்டத்தை உறிஞ்சும் ஆயில் டேம்பர்கள் மட்டும். நிலநடுக்கத்தில் கோபுரம் ஒருவிதமாகவும் தூண் வேறுவிதமாகவும் ஆட, ஆட்டம் அடங்கும். ஐந்தடுக்குப் பகோடாக்களின், அதாவது பழைய புத்தக் கோபுரங்களின், நடுமரத்தைப் போல என்பதால் அதற்கும் ஷின்பஷிரா என்றே பெயர். "தூண் சட்டத்தைத் தாங்கலையா, சும்மா கூட ஆடுதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார்.

ஜனவரி 28, செவ்வாய்

காலையில் தனியாக நடக்கப் போன அப்பா ஒன்றரை மணி நேரமாகத் திரும்பவில்லை. போனையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் பதறி ஸ்டேஷனுக்கு ஓடினால், நிதானமாக எதிரே வருகிறார்.

சந்துக்குள் வழி தவறிவிட்டதாம். கட்டடங்கள் மறைத்ததில் கோபுரமும் கண்ணில் படவில்லை. பழைய வீடுகளின் கூரையைப் பார்த்திருக்கிறார். "எல்லா வீட்டு யாகி ஆன்டெனாவும் ஒரே பக்கம் மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குதும்மா. கோபுரம் அந்தப் பக்கம்னா நம்ம ஸ்டேஷன் எதிர்ப்பக்கம்தானே? அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டே நடந்தேன், வந்துருச்சு."

யாகி என்பது இந்த நாட்டுக்காரர் ஒருவரின் பெயர், உடா என்பவரும் அவரும் சேர்ந்து 1920களில் உருவாக்கிய ஆன்டெனா இது என்று சொன்னேன். அப்பா நின்றுவிட்டார். முப்பது வருஷம் அந்தப் பெயரைச் சொல்லியே சாப்பிட்டிருக்கிறார், ஆள் பெயர் என்று தெரியாது.

"முழுப் பேரு என்ன?"

ஹிதெட்சுகு யாகி. ஒரு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.