விரல் வைத்த வரி

மகளை ஆறாவதுக்கு எங்க ஊர்ப் பக்கத்து அரசுப் பள்ளியில சேர்த்துட்டேன். எனக்கு ஆத்தங்குடியில டைல்ஸ் பட்டறை வேலை. அஞ்சு வருஷமா அவளைக் காரைக்குடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கு ஏழு மணி வேன்ல அனுப்பினோம். பீஸுக்காக ரெண்டு தடவை செயினை அடகு வச்சோம், அதுகூடப் பெரிசில்லை. ஒருநாள் ராத்திரி இங்கிலீஷ் பாடத்தைத் தடதடன்னு வாசிச்சா. "என்னத்தா சொல்லுது இது?"ன்னு கேட்டேன். விரலை அந்த வரியிலயே வச்சுக்கிட்டு என் முகத்தைப் பார்த்தா. கண்ணு கலங்கிருச்சு.

அவ அப்பத்தாவுக்கு மனசே ஆறலை. "ஊரு என்ன பேசும்?"னாங்க. ஆறுல இருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில படிச்சா மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, பொம்பளப் பிள்ளை கல்லூரிக்குப் போனா மாசம் 1000 ரூபாய்னு விளக்கினேன். பீஸ் கட்டிப் படிச்சுட்டு ஒன்பதாவதுல மாறினா ரெண்டும் கிடையாது. அதான் இப்பவே மாத்தினேன்.

இங்கிலீஷ் பேச வராமப் போயிருமோன்னு பயம் இன்னும் இருக்கு. ஆனா போன வாரம், கண்ணாடி மேல சாயம் ஊத்தி டைல்ஸ் போடுறதை வகுப்புல எந்திரிச்சு நின்னு சொன்னாளாம். வீட்டுக்கு வந்து, "ஏன்ப்பா முதல்ல கண்ணாடி?"ன்னு கேட்டா. சாயங்காலம் பட்டறைக்கே கூட்டிட்டுப் போனேன்.