தைப்பூசத்திற்கு முன்தினம் கழுவாமல் வைத்த துப்பாக்கி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜனவரி மாதக் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை மாலை, 13 முறை சுட்டு முடித்த துப்பாக்கியை எண்ணெய்த் துணியால் மேலோட்டமாகத் துடைத்து, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். மறுநாள் தைப்பூசம். தங்கை மகன் முதன்முறையாகக் காவடி எடுக்கவிருந்தான். வீடெங்கும் சாமந்திப் பூவும் மயிற்பீலியும் இறைந்து கிடந்த அந்த வேளையில், குழல் கழுவ ஒரு வாளி வெந்நீர் வேண்டும் என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. ஞாயிறு முழுவதும் உம்கேனி சாலைக் கோயிலில் கழிந்தது. திங்கட்கிழமை மாலை குழலுக்குள் விட்டு எடுத்த வெள்ளைத் துணி, செம்மண்ணில் தோய்த்ததைப் போல வெளியே வந்தது.

நான் சொல்வது குழலின் வாய் வழியாகவே மருந்தையும் குண்டையும் கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கி. தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கி என்பார்களே, அந்த இனம். இங்கே ஆஃப்ரிகான்ஸ் மொழியில் இதற்கு ஃபோர்லாயர் என்று பெயர். டச்சுக்காரர் வழிவந்த பழைய போயர் குடும்பங்களில் செல்லமாகச் சன்னா என்பார்கள். முதன்முறை அதைக் கேட்டபோது துப்பாக்கி ரவையைக் குறிக்கும் நம்முடைய ‘சன்னம்’தான் என் நினைவுக்கு வந்தது, ஒலி ஒற்றுமையைத் தவிர வேறொன்றும் இல்லை. 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி இதற்குத் தனி உரிமம் கேட்பதில்லை. ஆனால் தகுதிச் சான்றிதழ் பெறாமல் வைத்திருக்க முடியாது.

துரு ஏன் அவ்வளவு விரைவில் ஏறியது என்பதற்குக் காரணம் கருமருந்தின் இயல்பிலேயே இருக்கிறது. வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த இந்த மருந்து எரியும்போது, பாதிக்கு மேல் புகையாகப் பறக்கும் திடத்துகளாகவும் குழலில் படியும் கசடாகவும் மாறிவிடுகிறது. அந்தக் கசடில் இருக்கும் பொட்டாசியம் உப்புகள், மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் போலக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கின்றன. வறண்ட காரூ நிலத்தில் வாழ்பவர் ஒரு நாள் தாமதித்தாலும் தப்பித்துக்கொள்ளலாம். கடலோரத்தில் இருக்கும் நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

உப்பு என்பதால் தண்ணீரே அதற்கு மருந்து. என் துப்பாக்கியில் ஓர் ஆப்பைத் தட்டி எடுத்தால் குழல் கட்டையிலிருந்து தனியே வந்துவிடும். அதன் அடிப்பக்கத்தை வெந்நீர் வாளியில் அமிழ்த்தி, கோலின் நுனியில் இறுக்கமாகத் துணி சுற்றி வாய் வழியாக உள்ளே செலுத்தி மேலும் கீழும் இழுத்தால், பற்றுவாய் என்னும், மருந்துக்கு நெருப்பு நுழையும் சிறு துளை வழியே தண்ணீர் ஏறியும் இறங்கியும் குழல் ஒரு பீச்சாங்குழலாகவே மாறிவிடுகிறது. முதலில் மை போன்ற கறுப்பு நீர் வரும். கூடவே அழுகிய முட்டை நாற்றமும் வரும். அது கந்தகத்தின் வேலை. இதனால்தான் என் மனைவி இந்த வாளியைத் தோட்டக் குழாய்க்கு அருகே நாடு கடத்தியிருக்கிறாள். நீர் தெளிந்த பிறகு உலர்ந்த துணிகளைச் செலுத்தி ஈரத்தை முழுவதும் வாங்கி, எண்ணெய் பூசி, மறுநாளும் ஒரு துணி விட்டுப் பார்க்க வேண்டும். கொதிக்கும் நீரை ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. அந்தச் சூட்டில் இரும்பு காய்வதற்குள்ளேயே மெல்லிய துரு பூப்பதைக் கண்டதால், கை பொறுக்கும் சூடே போதும் என்பது என் கட்சி.

எண்ணெயிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பெட்ரோலிய எண்ணெய் மிச்சம் இருக்கும் குழலில் கருமருந்து எரிந்தால், கசடு தார் போல இறுகிவிடும். ஆகவே குண்டைச் சுற்றும் துணிக்கு நான் தேன்மெழுகையும் விளக்கெண்ணெயையும் உருக்கித் தடவுகிறேன். பழைய நூல்கள் விலங்குக் கொழுப்பையே சொல்கின்றன. காவடி விரதம் இருக்கும் வீட்டின் அடுப்பில் மாட்டுக் கொழுப்பை உருக்க யார் விடுவார்கள்? 1857இல் என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாத் தாளில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவியிருப்பதாகப் பரவிய செய்தி சிப்பாய்களை எப்படிக் கொதிக்க வைத்தது என்பதை, எங்கள் சமையலறை வாசலில் நின்றபோது கொஞ்சம் புரிந்துகொண்டேன். துணிக்கு அப்பாவின் பழைய பருத்தி வேட்டியைத்தான் கிழிக்கிறேன். அரை அங்குலக் குழலுக்கு 0.490 அங்குல ஈயக் குண்டு. அந்தச் சிறு இடைவெளியை அடைத்து, குழலின் உட்சுற்று வரிகளைப் பற்றிக்கொண்டு குண்டைச் சுழல வைப்பது இந்த வேட்டித் துண்டுதான்.

துப்பாக்கியை நானே கட்டினேன் என்று சொன்னால் பலர் குழலையும் நானே வார்த்ததாக நினைக்கிறார்கள். குழலைச் சோதித்து முத்திரையிட்டவர்களிடம் வாங்குவதே அறிவுடைமை. என் கைவேலை முழுவதும் வால்நட் மரக் கட்டையில்தான் இருந்தது. இரும்பு மரத்தில் இம்மியும் பிசகாமல் அமர வேண்டும். அதற்காகக் குழலின் அடியில் விளக்குக் கரியைத் தடவி, கட்டையில் வைத்து அழுத்தி எடுத்து, கறுப்பு ஒட்டிய மேடுகளை மட்டும் உளியால் சீவ வேண்டும்; மறுபடியும் தடவி, மறுபடியும் சீவ வேண்டும். ஆயா குழந்தைகளுக்கு மை சேர்க்க விளக்கெண்ணெய்த் திரிக்கு மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைப்பார். அதே முறையில்தான் நானும் கரி எடுத்தேன். நான்கு மாதங்கள் என் விரல் நுனிகள் மை தீட்டியவை போலவே இருந்தன.

சுடும் திடலில் எனக்கு ஆசான் ஓர் எழுபது வயது போயர் முதியவர். அவர்கள் வழக்கப்படி ‘ஊம்’ என்று, அதாவது மாமா என்று, அழைக்கிறேன். நான் முதல் நாளே மருந்திடாமல் குண்டை மட்டும் கெட்டித்துவிட்டு, விசையை மீண்டும் மீண்டும் இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை, திருகு முனை கொண்ட ஒரு கோலை எடுத்துக் குண்டைத் துளைத்து வெளியே இழுத்துக் கொடுத்துவிட்டு, என் திணிகோலில் இரண்டு கோடுகள் கீறினார். ஒன்று வெறுங்குழலின் ஆழம், மற்றொன்று முறையாகக் கெட்டித்த குழலின் ஆழம். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் குழல் உப்பிவிடும், வெடிக்கவும் கூடும் என்பதால், இன்றுவரை அந்தக் கோட்டைப் பார்க்காமல் நான் குறி வைப்பதில்லை. சீசாவிலிருந்து நேரே குழலுக்குள் மருந்தைக் கொட்டக் கூடாது என்பதும் அவர் விதி. உள்ளே ஒரு கங்கு மிஞ்சியிருந்தால் கையிலிருக்கும் சீசாவே வெடிகுண்டாகிவிடும்.

பன்னாட்டுப் போட்டி விதிப்படி 30 நிமிடங்களில் 13 குண்டுகள் சுடலாம். சிறந்த 10 மட்டும் கணக்கில் சேரும். விசையை இழுத்ததும் என் துப்பாக்கியின் சிக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டை உரச, தகட்டிலிருந்து சீவப்பட்ட எஃகுத் துகள்களே பொறியாக எரிந்து, பற்றுவாய்க்கு வெளியே சிறிது மருந்து வைத்த கிண்ணியில் விழுகின்றன. கிண்ணி பற்றி, குழல் முழங்குவதற்குள் ஒரு கண நேரம் கடக்கும். அந்தக் கணத்தில் துப்பாக்கி அசையாமல் நிற்க வேண்டும். ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1807இல் அடித்தால் பற்றும் மருந்து முறைக்குக் காப்புரிமை பெற்றதற்கே, கிண்ணி மின்னியதும் பறவைகள் பறந்துவிட்டன என்ற எரிச்சல்தான் காரணம். நான் சுடுவது காகித வட்டத்தை. அது பறப்பதில்லை, ஆனால் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

துருவைப் பொறுத்தவரை, தேய்த்து எடுத்ததுபோக வாய்க்கு ஒரு சாண் கீழே சிறு குழிகள் நின்றுவிட்டன. சுட்ட பின் திடலில் விழும் வேட்டித் துண்டுகளைப் பொறுக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். குழலின் உடல்நிலையை அவை சொல்லிவிடும். என் துண்டுகள் ஒவ்வொன்றிலும் ஒரே பக்கத்தில் நகக்கீறல் போன்ற ஒரு கிழிசல் தெரிகிறது. போன வாரம் ஊம் அதில் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த காவடி எந்தத் தேதியில் வருகிறது என்று கேட்டுத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.