நோகாதவரை

"நோகாதவரை விளையாடலாம், தம்பி." பிசியோதெரபிஸ்டாக அன்றைக்கு நான் சொன்னது இவ்வளவுதான். முழங்காலுக்கும் இடுப்புக்கும் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன வசனம்.

அவர் நோவென்று வரவேயில்லை. "அடி முந்தியைப் போல விழுவதில்லை மிஸ்" என்றுதான் வந்தார். புத்தூர்ப் பக்கத்துக் கரப்பந்தாட்டக்காரர். வலையோரம் எழும்பி அறைகிறவர். கையைத் தூக்கச் சொன்னேன், தாராளமாகத் தூக்கினார். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை வெளிப்பக்கம் தள்ளச் சொல்லி மறித்துப் பிடித்தேன். இடது கை என்னையே தள்ளியது. வலது கை என் இரண்டு விரலுக்குத் தோற்றது. றப்பர் பட்டிப் பயிற்சி காட்டினேன். சனிக்கிழமை போட்டி, போகலாமா என்று கேட்டார். அப்போதுதான் அந்த வசனம்.

சட்டையை எடுக்கத் திரும்பினார். வலது தோள்பட்டை எலும்பின் மேட்டுக்குக் கீழே, உள்ளங்கை அடங்கும் அளவுக்கு ஒரு பள்ளம்.

கழுத்தின் 5ஆம், 6ஆம் நரம்பு வேர்களிலிருந்து வரும் சுப்ராஸ்கப்புலர் நரம்பு, தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பிலுள்ள ஒரு வெட்டுக்குள், நார்ப்பட்டை ஒன்றின் கீழாக நுழைகிறது. பிறகு அந்த மேட்டின் வெளியோரத்தைச் சுற்றி வளைந்து, அதற்குக் கீழே இருந்து கையை வெளிப்பக்கம் திருப்பும் பின்தசைக்குப் போகிறது. எலும்பு விலாவின் மேல் வழுக்கி ஓடும். நரம்புக்கு அந்த இரண்டு இடங்களிலும் அசைய வழி குறைவு. தலைக்கு மேல் போன கை பந்தை அறைந்துவிட்டு மார்புக்குக் குறுக்கே வந்து முடியும்போது, அந்த வளைவில் நரம்பு இழுபடுகிறது. வளைவைத் தாண்டிய கிளை பெரும்பாலும் தசையை இயக்குவதற்கே. நோவைச் சொல்வதற்கு அல்ல. தசை சத்தமில்லாமல் வற்றிவிடும். நாயில்லாத வளவில், நாய் குரைத்தால் எழும்பு என்று சொல்லியிருக்கிறேன்.

வாங்கில் பதினான்கு பேர் காத்திருந்தார்கள். அது உண்மை. இந்தப் பள்ளத்தோடு உயர்மட்டத்தில் ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், மற்றத் தசைகள் ஈடுகட்டிவிடும், அதுவும் உண்மை. நிற்கச் சொன்னாலும் இவர் நின்றிருக்கப் போவதில்லை. இது உண்மையா, எனக்கு வசதியானதா என்று தெரியவில்லை. ஆனால் மூட்டோரத்தில் ஒரு நீர்க்கட்டி நரம்பை நெரித்தாலும் இதே பள்ளம்தான் விழும். அதற்கு ஸ்கான் வேண்டும், டொக்டர் பார்க்க வேண்டும். "தம்பி, ஒருக்கால் நில்லுங்கள்" என்பதற்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? கிளினிக் அட்டையில் 'அடுத்த வாரம் வரவும்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவருடைய மச்சான் கால் சுளுக்கோடு வந்தார். கை எப்படி என்று விசாரித்தேன்.

"நோவே இல்லையாம் மிஸ். நீங்கள் சொன்னபடிதான் விளையாடுகிறார்."

ஒருமுறை வரச் சொல்லுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். சும்மா பார்க்கத்தான் என்றேன்.