கொழிஞ்சாம்பாறை நாட்குறிப்பு: நீளம் சொல்லும் நான்கு எழுத்து

2025 ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்தே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. தென்னை மட்டை விழுகிற சத்தத்துக்கு நடுவே ரிவ்யூ. எங்கள் குழு எழுதிவரும் கிட் (நிரலின் பதிப்புகளைச் சேமித்துவைக்கும் மென்பொருள்) சர்வருக்கான புரோட்டோகால், அதாவது கிளையன்டும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை பற்றிய ஆவணத்துக்கு ஒரு பேட்ச் (திருத்தத் தொகுப்பு) வந்திருக்கிறது. அனுப்பியவர் கோயம்புத்தூர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண். தலைப்பு: ‘எழுத்துப்பிழைத் திருத்தம், எடுத்துக்காட்டுகள் சேர்ப்பு’.

இந்த மாதிரி ஆவணத்தில் எழுத்துப்பிழைத் திருத்தம் என்று வந்தால்தான் நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்காருவேன். நிரலில் தப்பு என்றால் டெஸ்ட் காட்டிக்கொடுத்துவிடும். ஆவணத்துக்கு அப்படிக் காவல் கிடையாது. அதை மட்டும் நம்பி எங்கோ ஒருவர் தனியாக ஒரு கிளையன்ட் எழுதிக்கொண்டிருப்பார்.

இன்று பாதிதான் படித்தேன். மொழி நன்றாக இருக்கிறது, என்னுடையதைவிட.

ஜூன் 17, செவ்வாய்

எடுத்துக்காட்டில் மாட்டியது. கிட் அனுப்பும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நான்கு எழுத்தில் அதன் நீளம் வரும், ஹெக்ஸ் (பதினாறை அடிமானமாகக் கொண்ட) கணக்கில். அந்த நான்கு பைட்டும் நீளத்தில் சேர்த்தி. புரோட்டோகாலின் இரண்டாம் பதிப்பில் ரெஃப் (கிளை, டேக் போன்றவற்றின் பெயர்) பட்டியல் கேட்கும் கட்டளை வரியை எடுத்துக்கொண்டால் 15 பைட், வரிமுடிவு 1, நீளம் சொல்லும் முன்னொட்டு 4, ஆக 20. ஹெக்ஸில் 0014. பேட்சில் 0020 என்று இருக்கிறது.

0020 என்றால் 32. சர்வர் அந்த வரியோடு நிற்காமல் அடுத்து வருவதிலிருந்து 12 பைட்டையும் சேர்த்து விழுங்கிவிடும். அதற்கப்புறம் நீளம் என்று நினைத்து அது படிப்பதெல்லாம் குப்பைதான்.

போனில் சொன்னேன். “ஏனுங்கண்ணா, கூட்டிப் பார்த்துத்தான போட்டேன்?” என்றார். கூட்டல் சரிதான், 20-ஐ ஹெக்ஸுக்கு மாற்றாமல் விட்டதுதான் தப்பு என்றேன். கிட்டின் பாக்கெட் டிரேஸ் வசதியைப் போட்டால் வரிகள் தெரியும், ஆனால் இந்த முன்னொட்டு அதில் வராது. அதனால் நெட்வொர்க்கில் போகும் பைட்டுகளையே பிடித்து ஆவணத்தோடு வைத்துப் பார்க்கச் சொன்னேன். இனி எந்த எடுத்துக்காட்டையும் கையால் எண்ணி எழுத வேண்டாம், ஓடவிட்டு எடுத்துப் போடலாம் என்று பேசிக்கொண்டோம்.

0000 என்றால் செய்தி முடிந்தது, 0001 என்றால் பகுதி பிரிகிறது. இவை ஏன் நீளமாக இருக்க முடியாது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்: முன்னொட்டே நான்கு பைட் என்பதால் அதற்குக் குறைந்த எண் எதுவும் நீளமாக வராது. அருமை. பழைய ஆவணத்தில் இது இல்லை.

ஜூன் 19, வியாழன்

நேற்று மதியத்திலிருந்து கரண்ட் இல்லை. வேலந்தாவளம் சந்தைக்குப் போய்க் காய் வாங்கி வந்ததோடு சரி.

இன்று பார்த்த திருத்தம்தான் இந்தப் பேட்சிலேயே சுவாரசியமானது. 9418 போர்ட்டில் கிட் டீமனோடு (பின்னணியில் ஓடும் சர்வர் நிரல்) நேரடியாகப் பேசும்போது, முதல் வேண்டுகோளில் ஹோஸ்ட் (சர்வர்) பெயர் முடிந்ததும் இரண்டு சுழி பைட் (மதிப்பு 0), பிறகு பதிப்பு எண். இரண்டில் ஒன்று தட்டச்சுப் பிழை என்று நீக்கியிருக்கிறார். யாருக்குமே அப்படித்தான் தோன்றும்.

அந்த இரண்டாவது சுழிக்கு ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் டீமனில் ஒரு பிழை: ஹோஸ்டுக்குப் பின் வேறு எதையாவது சேர்த்து அனுப்பினால் முடிவில்லாத சுழற்சியில் போய் மாட்டிக்கொள்ளும். அதைச் சரிசெய்தவர்கள், பழைய சர்வர்கள் விழக் கூடாதென்று கூடுதல் விவரத்தையே மறுக்கும் சோதனை ஒன்றையும் வைத்தார்கள். பதிப்பு எண் அனுப்பும் தேவை வந்தபோது, வேறு வழியில்லாமல் இரண்டாவது சுழிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்கள். கிட்டின் சொந்த ஆவணத்தில் உள்ள மாதிரி வேண்டுகோள் மொத்தம் 62 பைட். ஒரு சுழியை எடுத்தால் 61 ஆகிவிடும், ஆனால் முன்னொட்டு 62 என்றே சொல்லும். நம் எடுத்துக்காட்டிலும் இதே கதை. பேட்சில் சுழி போய்விட்டது, முன்னொட்டு மாறவில்லை.

திருத்தத்தைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. சுழியைத் திரும்ப வைத்து, காரணத்தை அதன் கீழேயே இரண்டு வரியில் எழுதச் சொன்னேன். காரணம் இல்லாமல் விட்டால் அடுத்த வருஷம் இன்னொருவர் வந்து அழிப்பார்.

ஜூன் 23, திங்கள்

புதிய பேட்ச் வந்தது. பைட் எல்லாம் சரி. ஆனால் முன்னுரையில் ஒரு வாக்கியம்: இரண்டாம் பதிப்பு வந்தபின் பழையது தேவையில்லை, அந்தப் பக்கங்களை நீக்கலாம் என்று.

கூடாது. 2020 மார்ச்சில் வந்த கிட் 2.26-இல் இரண்டாம் பதிப்பு இயல்பானது, நடுவில் கொஞ்ச காலம் பழையதற்குத் திரும்பினாலும் இப்போது அதுதான் இயல்பு, உண்மை. பழைய முறையில் இணைந்ததுமே சர்வர் எல்லா ரெஃப்களையும் கொட்டும். புதியதில் எப்படித் தொடங்கும் பெயருள்ளவை வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். ஆனால் அதெல்லாம் சர்வரிலிருந்து எடுப்பதற்கு. புஷ், அதாவது சர்வருக்கு ஏற்றுவது, இன்னமும் பழைய முறையில்தான் போகிறது. அந்தப் பக்கங்களை நீக்கினால் நம் ஆவணத்தை வைத்து யாராலும் ஒரு கமிட்டைக்கூட (பதிவுசெய்த மாற்றம்) ஏற்ற முடியாது.

“அப்ப புஷ்ஷுக்கு ரெண்டாம் பதிப்பு எப்பங்கண்ணா வரும்?” என்று கேட்டார். எனக்கென்ன தெரியும், சொல்லுங்கள். முன்னுரையை மாற்றி அனுப்பினார்.

ஒரு வரியின் உச்ச நீளம் ‘64 கேபி’ என்று இருந்ததை மட்டும் 65520 பைட், அதில் உள்ளடக்கம் 65516 என்று திருத்திவிட்டு, சாயங்காலம் சேர்த்தாகிவிட்டது. அடுத்த பேட்ச் ஹெச்டிடிபி பகுதி. அதையும் அவரே எழுதுகிறாராம்.