சிடி34 எண்ணும் வேலை

ராயபுரம் பக்கம் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ஃப்ளோ சைட்டோமீட்டர், அதாவது செல்களின் மேலுள்ள அடையாளங்களைப் பார்த்து எண்ணும் மெஷினை, ஓட்டுவது என் வேலை. ரத்தப் புற்றுநோய் சாம்பிள்தான் அதிகம் வரும். அடுத்தபடியாக ஸ்டெம்செல் மாற்று சிகிச்சைக்கு சிடி34 எண்ணிக்கை. சிடி34 என்பது ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம்செல்களின் மேல் இருக்கும் ஒரு புரத அடையாளம். ஊசி போட்டு எலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களை ரத்தத்துக்கு இறக்கி, அதைப் பிரித்தெடுப்பார்கள். நோயாளியின் எடையில் கிலோவுக்கு குறைந்தது 20 லட்சம் சிடி34 செல் சேர வேண்டும். எண் குறைந்தால் மறுநாளும் எடுக்க வேண்டியதுதான். டாக்டர்கள் வாசலில் நின்று ரிப்போர்ட் கேட்கும் வேலை இது ஒன்றுதான்.

இதே சிடி34 அடையாளத்தோடு இன்னொரு கூட்டமும் ரத்தத்தில் சுற்றுகிறது என்பதை நான் வேலைக்கு வந்த பிறகுதான் படித்தேன். ரத்தக்குழாயின் உள்தோல் கிழிந்த இடத்தில் போய் ஒட்டி, அதைச் சரிசெய்ய உதவும் முன்னோடி செல்கள். 1997-இல் அசஹாரா, இஸ்னர் என்ற ஆய்வாளர்கள் இவற்றைப் பற்றி எழுதினார்கள். அதுவரை, பெரியவர்களின் உடம்பில் பக்கத்து உள்தோல் செல்கள் வளர்ந்து மூடுவதுதான் பழுதுபார்ப்பு என்று நினைத்திருந்தார்கள்.

உள்தோல் அப்படிப் பழுதாகும் ஓர் இடம் மூளை. மூளையின் அடிப்பகுதியில் தமனிகள் வளையமாகச் சேர்ந்து கிளை பிரியும் இடங்களில் ரத்தம் நேராக மோதுகிறது. மூளைத் தமனிகளுக்கு ரப்பர் மாதிரி இழுபட்டு மீளும் வெளிப்புறப் படலம் கிடையாது, தசை அடுக்கும் மெலிசு. உள்தோல் தேய, அழற்சியை உண்டாக்கும் செல்கள் புகுந்து சுவரை அரிக்க, அந்த இடம் பை மாதிரி புடைக்கிறது. அதுதான் அனியூரிசம். பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இருக்கும் என்பது பொதுவான கணக்கு. பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை. வெடித்தால் தலையில் இடி விழுந்த மாதிரி வலி, வாந்தி, மயக்கம். அனியூரிசம் உள்ளவர்களின் ரத்தத்தில் இந்தப் பழுதுபார்க்கும் செல்கள் குறைவாகவும் மந்தமாகவும் இருந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. எலிகளுக்கு இவற்றைச் செலுத்தியபோது சுவர் சிதைவது குறைந்தது.

காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மாவை அப்படித்தான் அவசரமாகக் கொண்டுவந்தார்கள். வெடித்த பைக்குள் மெல்லிய கம்பிச் சுருள் (coil) வைத்து அடைத்தார்கள், பிழைத்தார். சாம்பிள் கொடுக்க வந்த மகன் கவுன்ட்டரிலேயே நின்றுவிட்டார். “ஏன்க்கா, ரத்தத்துல பாத்து முன்னாடியே சொல்லியிருக்க முடியாதா?”

முடியாது என்றேன். ஆனால் ஏன் முடியாது என்பது எனக்கே யோசிக்க வேண்டிய கேள்வி. சாதாரண ரத்தத்தில் சிடி34 செல்லே அரிது. அதில் ரத்தக்குழாய் உள்தோல் செல்களில் இருக்கும் கேடிஆர் என்ற அடையாளமும் சேர்ந்து தெரிகிறவை இன்னும் அரிது. திரையில் அவ்வளவு கொஞ்சம் புள்ளி விழும்போது எது செல், எது மெஷினின் பொய் சிக்னல் என்று கோடு போடுவது கோடு போடுபவரின் கையில் இருக்கிறது. இரண்டு லேப் ஒரே ரத்தத்துக்கு இரண்டு எண் சொல்லும். இன்னொன்று, ஆரம்பத்தில் இந்த வகை என்று ஆய்வகத் தட்டில் வளர்த்துக் காட்டிய பல செல்கள் வெள்ளை அணு வழியில் வந்தவை என்று பிற்பாடு தெரிந்தது. அவை தாமே குழாய்ச்சுவர் ஆவதில்லை. பக்கத்துச் செல்களைத் தூண்டிவிடுகின்றன. எண்ணிக்கை குறைந்ததால் சுவர் கெட்டதா, சுவர் கெட்டு செல்கள் செலவானதால் எண்ணிக்கை குறைந்ததா என்பதும் என் திரையில் தெரியாது.

இதயத்துக்கு சிடி34 ஆன்டிபாடி, அதாவது சிடி34-ஐத் தேடி ஒட்டிக்கொள்ளும் புரதம், பூசிய ஸ்டென்ட்டே (குழாயைத் திறந்து வைக்கும் கம்பி வலை) வந்தது. நான் குழாயில் மைக்ரோலிட்டர் கணக்கில் விடுகிற அதே மாதிரி ஆன்டிபாடி, கம்பிமேல்! ஓடுகிற செல்லைப் பிடித்து உள்தோல் வளர்த்துவிடலாம் என்ற யோசனை அருமையானது. ஆனால் மருந்து பூசிய ஸ்டென்ட்டை அது வெல்லவில்லை. சிடி34 இருக்கிற எல்லாச் செல்லும் குழாய் கட்டுகிற செல் இல்லையே.

அப்புறம் அந்தத் தம்பி போனில் வந்த ஒரு விளம்பரத்தைக் காட்டினார். ஸ்டெம்செல் ஊசி, மூளைக்கு, லட்சக்கணக்கில் விலை. எனக்குக் கோபமே வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, அங்கீகரித்த ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மாற்று சிகிச்சை தவிர மற்றதெல்லாம் ஆய்வுச் சோதனையாக மட்டும்தான் செய்யலாம். காசு வாங்கி விற்கக் கூடாது. நெருங்கிய சொந்தத்தில் இரண்டு பேருக்கு அனியூரிசம் இருந்தால் எம்ஆர் ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைப் பார்க்கும் ஸ்கேன்) பற்றி நியூரோ டாக்டரிடம் கேளுங்கள் என்று சொன்னேன். வீட்டில் வேறு யாருக்கும் இல்லையாம்.

அவர் சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் தெரிந்தது. புகை அனியூரிசத்துக்கும் ஆகாது, இந்தச் செல்களையும் குறைக்கும்; விட்டவர்களுக்குச் சில வாரத்திலேயே எண்ணிக்கை ஏறியதை ஜப்பானில் பார்த்திருக்கிறார்கள். சொன்னேன்.

“அப்போ நான் வுட்டுட்டு வர்றேன், எண்ணிச் சொல்லுக்கா.”

சிரித்துவிட்டேன். அதற்கு மெஷின் வேண்டாம், மாநகராட்சி சுகாதார நிலையத்தில் பிபி பாருங்கள், காசு கிடையாது என்றேன். பிபி அதிகமாக இருந்தால் மாத்திரையும் அங்கேயே கொடுப்பார்கள்.